ஒரே வளைகுடா, இரண்டு சட்டம்

2019 ஆகஸ்ட் 1 அன்று ‘வர்கோ 9’ என்ற இழுவைக் கப்பல் தூத்துக்குடிக் கடலுக்கு வந்து சேர்ந்தது. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோய்த் திரும்பிய கப்பல் அது. போகும்போது இல்லாத ஒருவர் வரும்போது அதில் இருந்தார்: மாலத்தீவின் முன்னாள் துணை அதிபர் அகமது அதீப். ஊழல் வழக்குகளில் சிக்கியவர், நாட்டை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டவர். செல்லத்தக்க ஆவணம் இல்லாததால் அவரைக் கரையில் கால்வைக்கவே விடவில்லை. கப்பலிலேயே விசாரித்தார்கள், வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள், கடலிலேயே மாலத்தீவு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். எல்லாம் சில நாள்களில் முடிந்துவிட்டது.

நான்கு ஆண்டு கழித்து, 2023 அக்டோபரில், தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கும் தருவைக்குளத்துப் படகு ஒன்று மாலத்தீவுக் கடலில் பிடிபட்டது. அதில் பன்னிரண்டு மீனவர்கள் இருந்தார்கள். ஆட்களை விட்டார்கள், படகை விடவில்லை. கேட்ட அபராதம் கோடிக்கணக்கில். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே ஊரைச் சேர்ந்த 22 பேர், இரண்டு படகுகளோடு, கற்பிட்டிக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் சிக்கினார்கள். புத்தளம் நீதிமன்றத்திலும் அபராதம் கோடிக்கணக்கில்தான் போனது. தருவைக்குளத்தார் இழுவைமடி போட்டுக் கடலடியைச் சுரண்டுகிறவர்கள் அல்லர். வழிவலையை நீரோட்டத்தில் விட்டு, நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கிறவர்கள். காற்றும் நீரோட்டமும் மாறினால் வலையோடு சேர்ந்து படகும் எல்லை கடந்துவிடும். அப்படிக் கடந்தவனுக்கும் வேண்டுமென்றே கடந்தவனுக்கும் வேறுபாடு சொல்ல இந்த நாடுகளுக்குப் பொதுவான விதி ஏதும் இல்லை.

இவை எல்லாம் ஒரே கடற்பரப்பில், அண்டை அரசுகளுக்கு இடையே நடந்தவை. தலைநகரங்களுக்குக் கவலை என்றால் இந்த அரசுகளின் கூட்டுறவு ஓடுகிறது. கரைக்காரனுக்குக் கவலை என்றால் நகர மறுக்கிறது. குறை அதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய மூன்று நாடுகளும் தங்கள் வணிக, மீன்வளச் சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் விட்டுவிட்டு, அந்த இடைவெளியில் முளைக்கும் கடத்தலைப் படகு வைத்துத் துரத்துகின்றன. பாதுகாப்பு ஒத்துழைப்பின் உழைப்பில் பெரும்பகுதி, சட்ட ஒத்துழைப்பு இல்லாததால் உண்டான வேலை. இக்கட்டுரையின் குற்றச்சாட்டு அதுதான்.

அதை விளக்கும் முன், இந்தக் கூட்டுறவின் பலத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1974 ஜூனில் பாக் நீரிணையிலும், 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் பேசியே எல்லைக்கோடு போட்டன. அதே 1976-இல் மாலத்தீவும் சேர்ந்து, மூன்று நாட்டுக் கடலும் சந்திக்கும் புள்ளி எதுவென்று முடிவாயிற்று. வங்காள விரிகுடாவில் இந்தியாவும் வங்கதேசமும் நடுவர் தீர்ப்பாயம் வரை போய் 2014-இல்தான் எல்லை கண்டன. தென்சீனக் கடலில் இன்றுவரை கப்பலோடு கப்பல் உரசிக்கொண்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்பே கோட்டில் உடன்பாடு கண்டது சிறிய காரியம் அல்ல.

அதன்மீது கட்டியெழுப்பியதும் குறைவில்லை. இந்தியா, மாலத்தீவு கடலோரக் காவல்படைகளின் ‘தோஸ்தி’ கூட்டுப் பயிற்சி 1991-இல் தொடங்கியது. 2012-இல் இலங்கையும் சேர்ந்துகொண்டது. 2011-இல் மூன்று நாடுகளின் பாதுகாப்பு ஆலோசகர்கள் கூடத் தொடங்கிய ஏற்பாடு, 2020-இல் கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்று பெயர் பெற்று, பிறகு மொரீசியஸ், வங்கதேசம் என்று விரிந்து, 2024 ஆகஸ்டில் தனக்கென ஒரு சாசனமும் எழுதிக்கொண்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பல் தீப்பிடித்தபோது அணைக்கப் போனவற்றில் இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் உண்டு. கொரோனா முடக்கத்தில், 2020 ஜூனில், கொழும்பிலும் மாலேயிலும் சிக்கிய நம்மவர்களை ‘ஐ.என்.எஸ். ஜலாஷ்வா’ ஏற்றிவந்து இறக்கியது தூத்துக்குடியில்தான். 2022-இல் இலங்கை பட்டினியின் விளிம்பில் நின்றபோது தமிழ்நாடு அறிவித்த 40,000 டன் அரிசியில் ஒரு பகுதியும் இங்கிருந்தே கப்பலேறியது. ஆபத்து வந்தால் கை கொடுக்கும் பழக்கம் இந்தக் கடலில் வேர் பிடித்திருக்கிறது. அதைக் கொச்சைப்படுத்த யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஆபத்து இல்லாத நாள்களில் என்ன நடக்கிறது?

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டு விவசாயத்தைக் காக்க இலங்கை 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே விளைந்தது போதவில்லை. விலை ஏறி, ஒரு கிலோ ஆயிரக்கணக்கான இலங்கை ரூபாய்க்குப் போனது. ஈரோட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பொருள் அது. சில மாதங்களிலேயே தூத்துக்குடி, இராமநாதபுரக் கடற்கரைகளில் மஞ்சள் மூட்டைகள் பிடிபடத் தொடங்கின. தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் கியூ பிரிவும் இரவெல்லாம் கண்விழித்தன. எதிர்க்கரையில் இலங்கைக் கடற்படை கண்விழித்தது. நேற்றுவரை சுங்கத்தில் காகிதம் காட்டி ஏற்றிய சரக்கு ஓர் ஆணையால் கடத்தல் பொருளானது. பீடி இலையின் கதையும் இதுதான்: இலங்கை விதிக்கும் இறக்குமதி வரி மிக அதிகம், ஆகவே பண்டல்கள் இரவில் படகேறுகின்றன. தன் விவசாயியைக் காக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அப்படி ஓர் ஆணை போடும் முன், அது அண்டைக் கரையில் என்ன கிளப்பும் என்று ஒரு கடிதமாவது போகும் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

மஞ்சளாவது ஒரு காலத்துச் சிக்கல். கடல் அட்டை கால் நூற்றாண்டாக ஓயாத சிக்கல். 2001-இல் இந்தியா எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் ஓர் அட்டையை எடுத்தால் சிறை. கிழக்குக் கரையிலோ உரிமம் வாங்கிக்கொண்டு குளித்து எடுக்கலாம், வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பிடித்து, அவித்து, காயவைத்து, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் சேர்த்துவிட்டால் அதே அட்டை சட்டப்படியான சரக்காகிக் கிழக்காசியச் சந்தைக்குப் போய்விடும். திரும்பி வரும் படகில் தங்கம் வருகிறது. இரு கரைக் காவல்படைகளும் எத்தனை கூட்டுப் பயிற்சி நடத்தினாலும் இந்த விலை வேறுபாட்டைச் சுட்டு வீழ்த்த முடியாது.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. அட்டைக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் 1988-இல் கண்டது தூத்துக்குடியில்தான். வளர்ப்பு முத்துக்கும் சிப்பிக்குஞ்சு வளர்ப்புக்கும் அதற்கு முன்பே வழிகாட்டிய நிலையம் அது. அறிவு இந்தக் கரையில் பிறந்தது. பண்ணைகள் வடஇலங்கைக் கடலோரத்தில் எழுந்தன. இங்கே மிஞ்சியது வழக்குகள். தடையை அப்படியே எடுத்துவிடச் சொல்லவில்லை. அளவுக்கு மீறிப் பிடித்ததால்தான் தடையே வந்தது. ஆனால் ஒரு கரையில் முழுத்தடை, மறுகரையில் உரிமம் என்ற ஏற்பாடு அட்டையையும் காக்கவில்லை, குளியாளியையும் காக்கவில்லை. இடைத்தரகனை மட்டும் வளர்த்தது.

மீன்பிடித் தடைக்காலமும் இப்படித்தான். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்பது நோக்கம். எல்லைக்கோடு தெரியாத மீனுக்கு இதே 61 நாள் ஓய்வு மறுகரையில் இல்லை.

வணிகத்தில் படம் கொஞ்சம் வேறு. தூத்துக்குடி ஆண்டுக்கு எட்டு லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் கன்டெய்னர்களைக் கையாளுகிறது. கொழும்பு 70 லட்சத்துக்கு மேல். திருப்பூர் பனியனும் தூத்துக்குடி இறாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் வழியில் பெருமளவு கொழும்பில் இறங்கி, தாய்க்கப்பல் மாறுகின்றன. நம் துறைமுகத்துக்கு அந்தப் பெரிய கப்பல்கள் கேட்கும் ஆழம் நெடுங்காலம் இருக்கவில்லை என்பதே காரணம். கொழும்பின் வருமானத்தில் பெரும்பங்கு இந்தியச் சரக்கு. நம் ஏற்றுமதியாளரின் வேகத்தில் பெரும்பங்கு கொழும்பின் கையில். இவ்வளவு நெருக்கமான பிணைப்பு, பெரும்பாலும் கப்பல் கம்பெனிகளின் கால அட்டவணையை நம்பி நடக்கிறது. கொழும்பில் நெரிசல் என்றால் இங்கே ஆர்டர் தவறுகிறது, கேட்க ஆளில்லை.

இதற்குத் தூத்துக்குடியில் பலரும் சொல்லும் தீர்வு, கொழும்பை மிஞ்சிவிட வேண்டும் என்பது. 2024 செப்டம்பரில் திறந்த புதிய சர்வதேச கன்டெய்னர் முனையமும், திட்டத்தில் இருக்கும் வெளித்துறைமுகமும் அந்த ஆசையின் வடிவங்கள். ஆழம் கூடட்டும், நல்லதுதான். ஆனால் 2025-இல் கொழும்பு மேற்கு முனையம் இயங்கத் தொடங்கியது, சில வார இடைவெளியில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகமும் முறைப்படி திறக்கப்பட்டது. இரண்டையும் நடத்துவதில் முதன்மைக் கை ஒரே இந்தியக் குழுமத்தின் கை. முதலாளிக்குக் கோடு தடையில்லை. கொழும்பைப் போட்டியாளராக மட்டும் பார்க்கும் பார்வை முதலாளிகளிடமே இல்லாதபோது அரசுகள் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. சரக்கு தங்கும் நாள், நெரிசல் காலத்து முன்னுரிமை, கட்டணம் ஆகியவற்றைப் பற்றி இரு துறைமுகங்களுக்கும் எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும்.

எழுத்தில் இருப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு மாலத்தீவு சாட்சி. 1981 வணிக ஒப்பந்தப்படி ஒவ்வோர் ஆண்டும் இந்தியா அந்நாட்டுக்கு அத்தியாவசியப் பொருள்களை இவ்வளவு என்று ஒதுக்குகிறது. உள்நாட்டில் ஏற்றுமதித் தடை இருந்தாலும் அந்த ஒதுக்கீட்டுக்குத் தடையில்லை. 2024-இன் தொடக்கத்தில் இரு நாட்டு உறவும் கசந்து கிடந்தது. இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று மாலே கெடு விதித்திருந்தது. இங்கே மாலத்தீவைப் புறக்கணிக்கச் சொல்லிச் சமூக ஊடகங்கள் கொதித்தன. அந்த ஏப்ரலிலேயே, 1981 முதல் இருந்ததில் மிக உயர்ந்த ஒதுக்கீடு என்று அறிவிப்பு வந்தது: 35,749 டன் வெங்காயம், 21,513 டன் உருளைக்கிழங்கு, 42 கோடிக்கு மேல் முட்டை. அவற்றை அனுப்ப அனுமதித்த ஒரு சில சுங்க நிலையங்களில் தூத்துக்குடியும் ஒன்று. இந்தக் கட்டுரையில் நான் மனமாரப் பாராட்டும் ஏற்பாடு இதுதான். அரசியல் சூடு அடுப்படிவரை போகாமல் ஒரு பழைய காகிதம் காத்தது. (அதே பட்டியலில் 10 லட்சம் டன் ஆற்று மணலும் இருந்தது. எந்த ஆற்றிலிருந்து போனாலும், தாமிரபரணியின் இன்றைய கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் வயிற்றைக் கலக்கும்.)

அந்த ஏற்பாட்டிலும் கரைக்காரருக்கு ஒரு குறை உண்டு. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோவதில் தூத்துக்குடித் தோணிகளுக்கு நீண்ட பழக்கம். பழைய துறைமுகத்தில் சுமார் 300 டன் கொள்ளும் மரத்தோணி ஒன்று ஏற்றுமதிக்கு நிற்பதைப் பார்த்தால் விளங்கும். வெங்காய மூட்டைகளுக்குக் காற்றோட்டம் விட்டு அடுக்குகிறார்கள், கல்லும் சிமெண்டும் அடித்தளத்துக்குப் போகின்றன, தோணியைச் செலுத்தும் தண்டல் வானத்தையும் காகிதத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றுக்காலம், தோணி ஓடாது. மீதி மாதங்களில் ஓடினாலும் திரும்பும்போது பெரும்பாலும் பழைய இரும்பு, அதுவும் கிடைத்தால். 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, குல்ஹுதுஃபுஷி, மாலே என்று அரசே நேரடிச் சரக்குக் கப்பல் விட்டது. இரு நாட்டு அமைச்சர்களும் காணொலியில் சேர்ந்து கொடியசைத்தார்கள். தோணிக்காரரின் திரும்பு சரக்குக்கு மட்டும் யாரும் ஒரு கூட்டம் போடவில்லை. சிறு தீவுத் துறைகளுக்கும் போய்ப் பழகிய கலங்கள் அவை. அவற்றைக் காட்சிப் பொருளாக விட்டுவிடுவது பொருளாதாரப்படியும் தவறு.

இலங்கையுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது நடந்ததையும் மறக்கக்கூடாது. இலங்கையில் குறைந்த வரியில் இறங்கிய பாமாயில் அங்கே வனஸ்பதியாகி, வரியில்லாமல் இந்தியாவுக்கு வந்தது. அந்த ஆலைகளில் பல இந்தியர் முதலீடு. இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு போட்டது, ஆலைகள் மூடிக்கொண்டன. மிளகுக்கும் 2,500 டன் வரம்பு வந்தது. ஒப்பந்தத்தின் ஓட்டை வழியே முதலில் நுழைந்தவர் பெருவணிகர். ஓட்டையை அடைத்ததில் வேலை இழந்தவர் அங்குள்ள தொழிலாளி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் கிளம்பிய ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ பயணிகள் கப்பலும் அந்த நவம்பரோடு நின்றுபோனது. அறிவிப்பு எளிது. ஆளும் சரக்கும் சேர்ந்து, கட்டணம் கட்டுப்படியாகும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் கடினம். அதற்கு இரு அரசுகளும் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கரையைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் ஏற்பாடு இந்த வளைகுடாவுக்குப் புதிதா? முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், வரலாறு பாதி விடை தருகிறது. 1658 முதல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒரே டச்சுக் கம்பெனியின் கையில், கொழும்பு ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் இருந்தன. சிப்பி வளரும் பார்களை முன்கூட்டியே சோதித்து, மாதிரிச் சிப்பி எடுத்து மதிப்பிட்டு, விளைந்திருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கும் வழக்கம் நிலைபெற்றது. இளஞ்சிப்பி என்றால் அந்த ஆண்டு குளிப்பில்லை. பரதவரின் சாதித்தலைவருக்கு இதில் ஒரு பங்கும் பேச்சுரிமையும் இருந்தன. டச்சுக்காரரும் பின்வந்த ஆங்கிலேயரும் அதை மதித்தார்கள். இலங்கைச் சலாபத்தில் குளிக்க இந்தக் கரையிலிருந்து படகுகள் போயின. பிறப்பிடத்தைவிட மூச்சுப் பிடிக்கும் திறமைக்கு அங்கே மதிப்பு.

அதைப் பொற்காலம் என்று எழுத என் கை வரவில்லை. இலங்கைச் சலாபத்தில் குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு; இரண்டு பங்கு அரசுக்கு. 1906-இல் இலங்கை அரசு பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கே விட்டது. 1907-க்குப் பிறகு பல ஆண்டுகள் எடுக்கச் சிப்பி இல்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல். முத்து போனதற்குக் காரணம் ஒன்றல்ல. ஆயினும் சிப்பிக் குஞ்சு நிலைகொள்ளும் முன் சுமார் மூன்று வாரம் நீரில் மிதந்தே திரிகிறது என்பதும், ஆகவே ஒரு கரையின் பார் மறுகரையின் பாருக்கு விதையாகக் கூடும் என்பதும் அறிவியல் சொல்லும் செய்தி. பருவம் பார்த்துத் திறக்கும் ஒழுங்கு அன்று இருந்தது; கிடைத்ததை நியாயமாகப் பங்கிடும் ஒழுங்கு இல்லை. இன்று இரண்டுமே இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் சாதித்தலைவரின் நாற்காலிக்கு ஈடாகவும் எதுவும் இல்லை.

1976-இல் எல்லையோடு பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் நீரில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று தீர்த்தன. இரு கரை மீனவரும் அந்த மேசையில் இல்லை. பின்னாளில் அவர்களை நேருக்கு நேர் உட்காரவைத்த முயற்சிகள் வந்தன. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் பேசினார்கள். 2016-இல் அமைச்சர்கள் கூடி ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். பேச்சு பெரும்பாலும் பாக் நீரிணை இழுவைமடியைச் சுற்றியே நின்றது. அதில் நியாயம் உண்டு. போரில் எல்லாம் இழந்து மீண்ட யாழ்ப்பாணம், மன்னார் மீனவரின் வலையை நம் இழுவைப்படகுகள் அறுத்துப் போவது, அவர்களும் தமிழர் என்பதற்காக மட்டுமல்ல, யாராக இருந்தாலும் அநியாயம். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்ததைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் பாக் நீரிணையின் சண்டை மன்னார் வளைகுடாவின் விதியாகிவிட்டது. வழிவலைக்காரனும் இழுவைமடிக்காரனும் ஒரே சட்டத்தின்கீழ், ஒரே அபராத அட்டவணையில் நிற்கிறார்கள்.

பாதுகாப்புத் துறையினரின் அச்சம் வெற்று அச்சம் அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தக் கரையிலிருந்து டீசலும் வெடிபொருளும் போன காலத்தை அவர்கள் மறக்கவில்லை. 2008-இல் மும்பையை ஒட்டிய கடல்வரை கொலைகாரர்கள் வந்தது மீன்பிடிப் படகில்தான். கோட்டைத் தளர்த்தினால் யார் நுழைவார் என்று கேட்கிறார்கள். நான் கோட்டைத் தளர்த்தச் சொல்லவில்லை. யார் எங்கே, எந்த வலையோடு மிதக்கிறார் என்று இரு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தால் பாதுகாப்பு கூடுமே தவிரக் குறையாது. இந்தியப் பண உதவியில் கொழும்பில் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 2024 முதல் முறைப்படி இயங்குகிறது. எந்திரம் பழுதாகி மிதப்பவனைத் தேட அது உதவும் என்றால், நீரோட்டத்தில் எல்லை தாண்டியவனை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பவும் உதவலாம்.

கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் பணிகளை ஐந்து தூண்களாக வகுத்திருக்கிறார்கள்: கடல் பாதுகாப்பு, பயங்கரவாத எதிர்ப்பு, கடத்தலும் அமைப்புசார் குற்றமும், இணையப் பாதுகாப்பு, பேரிடர் உதவி. மீன்வளம் ஒரு தூணாக இல்லை. கடத்தல் தூணின்கீழ் அட்டைப் படகையும் மஞ்சள் மூட்டையையும் பேச முடியும். அவை ஏன் படகேறின என்பதைப் பேச அங்கே இடமில்லை. மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவில் ஏனென்று பேச இடமுண்டு. சுங்கமும் வணிகமும் அங்கே அதிகாரத்தோடு உட்காருவதில்லை. இரண்டும் சந்திக்காதவரை ஒன்றின் தோல்வியை மற்றது சுமந்துகொண்டே இருக்கும்.

தொடங்குவதற்கு அட்டையே போதும். தூத்துக்குடியின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இலங்கையின் ‘நாரா’ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து வளைகுடாவின் இரு பக்க இருப்பையும் ஒரே முறையில் கணக்கெடுக்கட்டும். எந்த அளவுக்குக் கீழே எடுக்கக் கூடாது, எந்த மாதங்களில் குளிக்கக் கூடாது என்று இரு கரைக்கும் ஒரே விதி வரட்டும். இங்கே முழுத்தடைக்குப் பதில் பொரிப்பகத்துக் குஞ்சை வளர்க்கும் உரிமத்தை முதலில் குளியாளி குடும்பங்களுக்குத் தரட்டும். அதைப் பேசும் குழுவில் தருவைக்குளத்திலிருந்து ஒருவரும், மன்னாரிலிருந்து ஒருவரும், பழைய துறைமுகத்துத் தண்டல் ஒருவரும் வாக்குரிமையோடு இருக்கட்டும். பாதுகாப்பு ஆலோசகர்களின் அடுத்த கூட்டத்துக்கு அந்த விதி நகலாகப் போனால், கடத்தல் பற்றிய அவர்களின் பட்டியலிலிருந்து ஒரு வரியையாவது அடிக்க முடியும்.